பழி கோதுமை மேல், பிழை அரைவையில்

சனிக்கிழமை சாயங்காலம் நண்பரின் காரேஜுக்குப் போனபோது அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பெரிய பானையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கையில் ஹைட்ரோமீட்டர், முகத்தில் சோகம். "1.050 வரும்னு கணக்குப் போட்டேன் அண்ணா, 1.028தான் காட்டுது. கோதுமைன்னாலே இப்படித்தானாமே?" என்றார். மேசையில் ஒரு சர்க்கரைப் பாக்கெட் பிரித்துத் தயாராக இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அதன் பங்காளிதான் ஹைட்ரோமீட்டர். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். முளைகட்டிய தானியத்தை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறதோ அந்த அளவுக்கு எண் ஏறும். இந்த எண்ணைத்தான் கிராவிட்டி என்கிறார்கள். நண்பர் காய்ச்சியது கோதுமை பியர். இது நடப்பது அமெரிக்காவில். அங்கே வீட்டில் பியர் காய்ச்ச 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அங்கிருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

நம்பிக்கை: கருவி காட்டுவதுதான் முடிவு.

கருவி பொய் சொல்லாது, ஆனால் அது கேட்கும் சூட்டில் கேட்டால்தான். தண்டுக்குள் இருக்கும் காகிதச் சுருளில் பொடி எழுத்தில் 15.6 டிகிரி அல்லது 20 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். சூடான திரவம் இளகியிருக்கும், மிதவை கூடுதலாக அமிழும், எண் குறையும். 40 டிகிரியில் ஆறு புள்ளி, அதாவது 0.006, போய்விடும். 60 டிகிரியில் ஏறத்தாழ பதினைந்து. நண்பர் பானையிலிருந்து நேராக முகந்து ஊற்றியிருந்தார். அதே சாற்றை ஒரு டம்ளரில் எடுத்து ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டுப் பார்த்தோம்: 1.043. தொலைந்துபோன இருபத்திரண்டு புள்ளியில் பதினைந்து தொலையவே இல்லை. அட்டவணை பார்த்துச் சூட்டுக் கணக்கைச் சரிசெய்யலாம் என்பார்கள். கொதிநிலைக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. ஆறவிடப் பத்து நிமிஷம் போதும்.

நம்பிக்கை: கோதுமையில் சர்க்கரை குறைவு.

இதுதான் எனக்கு ஆற்றாமை தரும் பொய். உண்மை நேர் எதிர். பார்லிக்கு உமி உண்டு, எடையில் ஒரு பங்கு அதற்கே போகும். கோதுமைக்கு உமி கிடையாது, உள்ளதெல்லாம் சரக்கு. ஒரு பவுண்டு கோதுமை மால்ட்டை ஒரு கேலனில் முழுசாகக் கரைத்தெடுத்தால் 1.038-ஐத் தொடும், சாதாரண பார்லி மால்ட் அதற்கு ஒன்றிரண்டு புள்ளி கீழேதான் நிற்கும்.

அப்படியானால் மீதி ஏழு புள்ளி எங்கே? சக்கையைக் கொட்டி வைத்திருந்த வாளியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். பார்லி உடைந்து உமி வேறு, உள்ளீடு வேறாகக் கிடந்தது. நடுநடுவே முழுக் கோதுமை மணிகள், ஊறி உப்பி, தோல்கூடக் கிழியாமல். ஒன்றை நகத்தால் நசுக்கினால் வெள்ளையாகப் பசை பிதுங்கியது. அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டதும் கருநீலம். மாவுச்சத்து மாவுச்சத்தாகவே குந்தியிருக்கிறது, சர்க்கரையாக மாறவில்லை.

காரணம் எளிது. கோதுமை மணி பார்லியைவிடச் சிறியது, கடினமானது. இரட்டை உருளை மில்லில் பார்லிக்கு வைக்கிற ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பாதி மணி அலுங்காமல் நழுவிவிடும். நண்பர் இரண்டையும் கலந்து ஒரே தடவையில் அரைத்திருந்தார். உளுந்தையும் அரிசியையும் ஏன் தனித்தனியாக ஆட்டுகிறோம் என்று அவர் வீட்டில் கேட்டிருந்தாலே விடை கிடைத்திருக்கும். கோதுமைக்கு இடைவெளியைக் கிரெடிட் கார்டின் கனத்துக்கு, அதாவது முக்கால் மில்லிமீட்டருக்கு, இறுக்க வேண்டும். பார்லியை இப்படி அரைத்தால் உமி நொறுங்கி, வடிகட்டவே முடியாமல் போகும். கோதுமையில் நொறுங்க உமியே இல்லையே!

உமி இல்லாததில் ஒரு தொல்லையும் உண்டு. சாறு வடியும்போது பார்லி உமிதான் வடிகட்டிப் படுகையாக நிற்கிறது. கோதுமை பாதிக்குமேல் போனால் எல்லாம் கூழாகி அடைத்துக்கொள்ளும். பொறுமையிழந்து கிளறினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓட்டை போட்டு இறங்கிவிடும், இனிப்பு சக்கையிலேயே தங்கும். மருந்து என்ன தெரியுமா? நெல் உமி. நம் ஊரில் செங்கல் சூளைக்குப் போகிற அதே உமியை அங்கே கழுவிப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். சர்க்கரையும் தராது, ருசியையும் மாற்றாது. வழி மட்டும் விடும்.

நம்பிக்கை: மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைம் கோதுமைக்குக் கிடையாது, பார்லிதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

முளைகட்டாத கோதுமைக்கு இது ஏறக்குறைய பொருந்தும். பெல்ஜியத்து விட்பியரில் பச்சைக் கோதுமை பாதியளவு போடுவதால் பார்லி மால்ட்டின் துணை தேவை. மால்ட் ஆன கோதுமை தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். ஜெர்மானிய வைட்ஸனில் குறைந்தது பாதி கோதுமை மால்ட் இருக்கிறது, சர்க்கரைக்கு ஒரு குறையும் இல்லை.

நம்பிக்கை: எக்ஸ்ட்ராக்ட் கிட்டில் எண் குறைந்தால் டப்பாவில் மோசடி.

பெரும்பாலும் கலக்காத குற்றம்தான். டப்பாவில் வரும் சுண்டிய மால்ட் பாகு கனம், அடியில் நிற்கும்; மேலே ஊற்றிய பச்சைத் தண்ணீர் மேலேயே நிற்கும். மேலாக முகந்தால் குறைவாகக் காட்டாமல் என்ன செய்யும்? முழு டப்பாவும் உள்ளே போய், மொத்த அளவும் சரியாக இருந்தால் எண் பெரிதாகத் தவற வழியில்லை.

நம்பிக்கை: சர்க்கரையைக் கொட்டினால் சரியாகிவிடும்.

எண் சரியாகும், பியர் ஆகாது. வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். போதை ஏறும், வாயில் நிற்கிற அந்தக் குழைவு போய்விடும். கோதுமை பியரைக் குடிப்பதே அந்தக் குழைவுக்காகத்தான். முதலில் பானையில் எத்தனை லிட்டர் என்று அளக்க வேண்டும். 20 லிட்டருக்குப் பதில் 23 இருந்தால் சர்க்கரை குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால் 1.043 தானாக 1.049-க்கு வந்துவிடும். நண்பரிடம் இருந்தது சரியாக 20 லிட்டர். அதனால் கோதுமை மால்ட் பொடி 400 கிராமைக் கரைத்துப் பத்து நிமிஷம் மறுபடி கொதிக்கவைத்தோம். ஏழு புள்ளி ஏறியது. சர்க்கரைப் பாக்கெட் காபிக்குப் போனது.

நம்பிக்கை: குறைந்த கிராவிட்டி என்றால் அத்தனையும் வீண்.

1.043-ஐ அப்படியே ஈஸ்டுக்குக் கொடுத்து 1.011-இல் நின்றிருந்தால் 4.2 சதவீதம் ஆல்கஹால் வந்திருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். ஈஸ்ட் இறங்கி நுரைக்க ஆரம்பித்த பிறகு தெரியவந்தால் நான் எதையும் தொடமாட்டேன். பெர்லின் நகரத்துக் கோதுமை பியரான பெர்லினர் வைஸ் 1.030-ஐ ஒட்டியே தொடங்குகிறது. போலந்தின் குரோஜிஸ்கி இன்னும் வேடிக்கை: ஓக் புகையில் வாட்டிய கோதுமை மால்ட் மட்டும், பார்லி அறவே கிடையாது, கிராவிட்டி அதே 1.030 பக்கம், ஆல்கஹால் மூன்று சதவீதத்தைச் சுற்றி. நண்பர் ஆறவிடாமல் பார்த்துப் பதறினாரே, அந்த எண்ணுக்கு இரண்டு புள்ளிதான் கூட.