கணக்கு நோட்டும் பக்கத்துப் பிள்ளையும்

அன்புள்ள தங்கைக்கு,

மூன்றாம் வகுப்பில் கணக்குக்கென்று ஒரு குறிப்பேடு தொடங்கவும், பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து வேலை கொடுக்கவும் நினைக்கிறாய். இரண்டையும் தனித்தனி ஏற்பாடாக வைக்காதே. குறிப்பேட்டை முதலில் படிப்பது பக்கத்துப் பிள்ளையாக இருக்கட்டும். 52-இல் 38 போனால் 26 என்று ஒருத்தி எழுதுகிறாள். விடை மட்டும் இருந்தால் நீ சிவப்பு மையில் தப்புப் போடுவாய், அதோடு முடிந்தது. "2-இல் 8 போகாது, அதனால் 8-இல் 2-ஐக் கழித்தேன்" என்று ஒரு வரியும் சேர்த்து எழுதியிருந்தால், அவள் கவனக்குறைவாக இல்லை, பத்தை ஒன்றுகளாகப் பிரிக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறாள் என்பது புரியும். மறுநாள் பத்துக் குச்சிக் கட்டை அவள் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொல்லலாம். ஆனால் அந்த வரியை டீச்சருக்காக எழுதச் சொன்னால் பிள்ளைகள் எழுத மாட்டார்கள். டீச்சருக்குத்தான் விடை தெரியுமே. தன் வழி தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்றால்தான் விளக்க வேண்டிய தேவை வருகிறது.

நன்றாகப் படிக்கும் பிள்ளை செய்துவிடும், மற்றது பார்த்து எழுதும் என்பார்கள். இருவருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். முதல் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் தனியாக எழுதட்டும். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும். பிறகு நோட்டை மாற்றிக்கொண்டு, சரி, தப்பு என்று குறிக்காமல், புரியாத இடத்தில் ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்பவர் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்து, 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். ஆனால் அங்கே தெரிந்தவன் சொல்ல, தெரியாதவன் திருப்பிச் சொன்னான். வாய்ப்பாட்டுக்கு அது போதும். கழித்தல் ஏன் அப்படி நடக்கிறது என்று விளங்க, தெரியாத பிள்ளைக்கும் கேட்கும் உரிமை வேண்டும்.

நாற்பது நோட்டை யார் திருத்துவது என்ற கவலை நியாயமானது. ஒரு நாளைக்கு எட்டு நோட்டு படி, ஐந்து நாளில் எல்லாம் முடியும். திருத்தாத தப்பைப் பார்த்து ஆய்வுக்கு வருபவர் கேட்டால், 2005 தேசியக் கலைத்திட்டத்தின் கணிதக் குழு அறிக்கையை எடுத்துக் காட்டு. பிள்ளையின் சிந்தனையைக் கணித வழிக்குக் கொண்டுவருவதே முதன்மை நோக்கம் என்கிறது அது. வாரத்துக்கு ஒரு பக்கம் போதும், இந்தத் திங்களே தொடங்கிவிடு. அந்த நோட்டில் மட்டும் யாரையும் ரப்பர் வைத்து அழிக்க விடாதே.

அன்புடன்,
அக்கா