பி.எஃப். பணத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா?

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனால் பி.எஃப். முழுவதையும் எடுத்துவிடலாம் என்பது நெடுங்காலம் இருந்த விதி. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, அந்த இரண்டு மாதத்தை 12 மாதமாக்க ஒப்புதல் கொடுத்தது. பென்ஷன் பங்கை எடுப்பதற்கு 36 மாதம். கணக்கில் எப்போதும் 25 சதவீதம் இருக்க வேண்டும். அவ்வளவுதான், "நம்ம பணத்தைக் கவர்ன்மென்ட் பூட்டி வைக்கப் போகுது, இப்பவே எடுத்துடு" என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தப் பேச்சு எடுபடக் காரணம் இருக்கிறது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். கல்யாணம், பிரசவம், வீட்டு வேலை என்று வரும்போது அவர்களில் பலருக்குக் கையில் மொத்தமாகக் கிடைக்கக்கூடிய பணம் பி.எஃப். ஒன்றுதான். நகரத்துக்குள் லாட்ஜ், ஓட்டல், தனியார் மருத்துவமனை, தனியார் பள்ளி ஊழியர்கள். அரசுப் பள்ளி ஆசிரியரின் கவலை வேறு மாதிரி; அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கேள்விக்கு நேரான பதில். உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் தொகையை அரசு எடுத்துக்கொள்ளாது. ஆனால் அதை எப்போது எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், வட்டி எத்தனை, வரி உண்டா என்ற நான்கையும் மாற்றும். முன்பும் மாற்றியிருக்கிறது, இனியும் மாற்றும். அதை எதிர்பார்த்துத்தான் உங்கள் சேமிப்பைத் திட்டமிட வேண்டும்.

பரவாத பாதிச் செய்தி

அக்டோபர் முடிவின் மறுபாதியை யாரும் அவ்வளவாக அனுப்பிக்கொள்ளவில்லை. இடையில் பணம் எடுக்க இருந்த 13 விதிகள் மூன்று வகையாகச் சுருக்கப்பட்டன. படிப்புக்குப் பத்து முறை, கல்யாணத்துக்கு ஐந்து முறை வரை எடுக்கலாம். 12 மாத சர்வீஸ் இருந்தால் போதும். கம்பெனி போட்ட பங்கிலிருந்தும் எடுக்கலாம். வேலை போனால் 75 சதவீதம் உடனே கிடைக்கும். மீதி 25 சதவீதம்தான் ஓராண்டு காத்திருக்கும். 55 வயதில் ஓய்வு, நிரந்தர ஊனம், ஆட்குறைப்பு, நாட்டை விட்டே போவது போன்ற நிலைகளில் முழுத்தொகையும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பி.எஃப். சம்பளம் 15,000 ரூபாய் என்றால் உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனியும் 1,800 போடுகிறது. அதில் 1,250 பென்ஷன் நிதிக்குப் போக, 550 உங்கள் பி.எஃப். கணக்குக்கு வரும். ஆக மாதம் 2,350. ஐந்து வருடத்தில் 8.25 சதவீத வட்டியோடு ஏறக்குறைய 1.73 லட்சம். வேலையை விட்டால் இதில் சுமார் 1.30 லட்சம் உடனே, 43,000 ஒரு வருடம் கழித்து.

இதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்காது என்றும் சொல்ல மாட்டேன். சம்பளம் நின்ற வீட்டுக்கு 43,000 என்பது சில மாத வாடகையும் மளிகையும். என் கணக்கில் 25 சதவீத விதியை விட 36 மாத விதிதான் கடுமை. பத்து வருட சர்வீஸ் ஆகாமல் வேலையை விட்டவர்கள் பென்ஷன் பங்கைத்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களை மூன்று வருடம் நிறுத்தி வைக்கிறது அது. நீங்கள் கிளெய்ம் போடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று உறுப்பினர் தளத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். பழைய ஃபார்வர்டை நம்பிப் போடாதீர்கள்.

பயம் சும்மா வரவில்லை

2016-ல் இரண்டு முறை அரசு இதில் கை வைக்கப் பார்த்தது. பிப்ரவரி 29 பட்ஜெட்டில், பி.எஃப். எடுக்கும்போது 60 சதவீதத்துக்கு வரி என்றார் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. எதிர்ப்பு வலுத்ததும் மார்ச் 8 அன்று அதைத் திரும்பப் பெற்றார். அதே பிப்ரவரியில் இன்னொரு அறிவிப்பாணை: கம்பெனி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது. ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவில் இறங்கினார்கள். சாலைகள் முடங்கின, வன்முறையும் நடந்தது. ஏப்ரல் 19 அன்று அந்த ஆணை வாபஸ் ஆனது. 2025 விதிகளைப் படிக்கும்போது அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2021 ஏப்ரல் முதல் வந்த வரி நிலைத்துவிட்டது: உங்கள் சொந்தப் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி. மாதம் 20,833 ரூபாய்க்கு மேல் பிடித்தம் ஆகிறவர்கள்தான் இதற்குக் கவலைப்பட வேண்டும். வட்டியும் நிலையாக இல்லை. 2021-22-க்கு 8.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் மிகக் குறைவு. 2023-24, 2024-25 இரண்டுக்கும் 8.25. மாற்றம் எப்போதும் இறுக்கும் பக்கமே போவதில்லை என்பதற்கு என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம் சாட்சி. அதில் அரசு ஊழியர் அல்லாதவர்கள் கட்டாயமாக ஆன்யுட்டி வாங்க வேண்டிய பங்கு 40 சதவீதமாக இருந்தது, 2025 டிசம்பரில் 20 ஆகக் குறைந்தது.

மோசமான உதாரணம் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம், இலங்கையே போதும். அங்கே ஊழியர் சேமலாப நிதி 1958 முதல் இருக்கிறது, மத்திய வங்கி நிர்வகிக்கிறது, பணத்தின் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில். கடனைக் கட்ட முடியாமல் போன அரசு, 2023-ல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஓய்வூதிய நிதிகளின் முன் ஒரு நிபந்தனையை வைத்தது: கையிலுள்ள பத்திரங்களைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக்கொள், இல்லையென்றால் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி கட்டு. புதிய பத்திரங்களுக்கு 2025 வரை 12 சதவீத வட்டி, பிறகு 9. வங்கிகளுக்கு இந்த நிபந்தனை இல்லை. உறுப்பினர் கணக்கில் இருந்த எண் குறையவில்லை. வருங்கால வருமானம்தான் வெட்டுப்பட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளி வரை இந்தச் சுமை போனது. 2008-ல் அர்ஜென்டினா தனியார் ஓய்வூதியக் கணக்குகளையே அரசுடைமை ஆக்கியது. இந்தியா அந்த நிலையில் இல்லை. ஆனாலும் எல்லாச் சேமிப்பையும் ஒரே அரசின் ஒரே நிதியில் வைக்காமலிருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

நமக்குச் சாதகமான ஒரு பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடனுக்காக உங்கள் பி.எஃப். தொகையைக் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. 1952-ம் ஆண்டுச் சட்டத்தின் 10-வது பிரிவு தந்த பாதுகாப்பு இது. பேங்க் டெபாசிட்டுக்கு அந்தக் கவசம் கிடையாது.

பணம் உண்மையில் எங்கே போகிறது

ஒரே ஒரு வழியில் பணம் அரசுக்குப் போய்ச் சேரும்: நீங்கள் மறந்துவிட்டால். செயலற்றதாக அறிவிக்கப்பட்டு ஏழு வருடம் யாரும் கேட்காத பி.எஃப்., பி.பி.எஃப்., அஞ்சலகச் சேமிப்புத் தொகைகள் மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றப்படும். 2015-ம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. அதற்குப் பிறகும் 25 வருடம் வரை உரியவர் கேட்டு வாங்கலாம். அதுவும் தாண்டினால் அரசுக்கே.

மூன்று கம்பெனி மாறியவருக்கு மூன்று பி.எஃப். எண், இரண்டு யு.ஏ.என். என்று கிடப்பதுதான் இந்த மறதியின் ஆரம்பம். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இனிஷியல் ஒரு தீராத தொல்லை: ஆதாரில் முன்னால், பேங்கில் பின்னால், கம்பெனி ரெஜிஸ்டரில் அப்பா பெயரே முழுதாக. கிளெய்ம் திரும்பி வருவதற்கு இந்த ஒரு எழுத்து போதும். வேலையில் இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். விட்ட பிறகு ஹெச்.ஆர். உங்கள் போனை எடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கல்யாணமான பெண்களுக்கு இன்னொன்று. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். ஆண்களுக்கும் இதே விதிதான். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. அது நாமினியிடம்தான் போகும்.

அரசைப் பற்றிப் பயப்படுகிற நேரத்தில் பாதியை முதலாளியைக் கவனிப்பதில் செலவிடுங்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கும், பாஸ்புக்கில் வரவு இருக்காது. இந்த வகை மோசடி இருக்கிறது. பதிவு செய்த மொபைலிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியாக வரும். உமங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதம் வரவு இல்லையென்றால் முதலில் கம்பெனியில் கேளுங்கள், பிறகு பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் போடுங்கள். தாமதத்துக்கு வட்டியும் அபராதமும் முதலாளி தலையில்தான் விழும்.

லாட்ஜிலும் ஓட்டலிலும் வேலை செய்கிறவர்களுக்கு: 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒருமுறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லி வெளியேற முடியாது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் ஆளைக் கூட்டி, மற்ற நாளில் "எங்ககிட்ட பதினஞ்சு பேர்தான்" என்கிற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

பிரவுசிங் சென்டரில் "பி.எஃப். எடுத்துத் தரப்படும்" என்று போர்டு பார்த்து உட்கார்ந்தால், பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் உங்கள் கையாலேயே அடியுங்கள். சொல்லி அடிக்க விடாதீர்கள்.

எடுப்பதா, விடுவதா

வதந்திக்காக எடுக்காதீர்கள். மேலே சொன்ன 1.73 லட்சத்தை ஒரு ரூபாய் கூடச் சேர்க்காமல் இருபது வருடம் விட்டால், இதே 8.25 சதவீதம் நீடிக்கும் கணக்கில் சுமார் 8.4 லட்சம். ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானமும் ஆகிறது. பென்ஷன் பங்கை எடுத்தால் அந்த சர்வீஸ் அதோடு முடிந்தது. பத்து வருடம் சேர்ந்தால்தான் மாத பென்ஷன் என்பதால், எடுப்பதற்குப் பதில் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையில் சேர்த்துக்கொள்வது நல்லது. குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கிறது என்பது வேறு சண்டை.

எடுக்க வேண்டிய நிலையே வராமலிருக்க, மூன்று மாதச் செலவு பி.எஃப்.-க்கு வெளியே இருக்கட்டும்: அஞ்சலக ஆர்.டி., பேங்க் டெபாசிட், எது உங்களுக்கு வசதியோ அது. விதி எப்படி மாறினாலும் அந்தப் பணம் உங்கள் கையில். இது இல்லாதவர்தான், பி.எஃப். கிடைக்கும் என்பதற்காகவே நல்ல வேலையை ரிசைன் செய்துவிட்டு மறுபடி ஜூனியராகச் சேருகிறார். சேமிப்பில் இதைவிட நஷ்டமான பழக்கம் இல்லை.

ஆசிரியர்களுக்கு

2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லாமல் சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். மற்ற பல மாநிலங்களைப் போல இந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ்க் கொடுக்காமல் தமிழ்நாடு அரசே வைத்துக்கொண்டது. "எங்க பணம் எங்க இருக்கு?" என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தன் போராட்டங்களில் கேட்டது அதனால்தான். ஆணையத்தின் கீழ்க் கொடுத்த ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்கள் பழைய பென்ஷனுக்குத் திரும்ப முடிவெடுத்து அந்தப் பணத்தைக் கேட்டபோது மத்திய அரசு தர முடியாது என்றது. அது தனித்தனி ஊழியரின் கணக்கில் இருக்கிறது என்பது வாதம். ஊழியர் பக்கமிருந்து பார்த்தால் அது கெட்ட வாதமும் இல்லை.

2026 ஜனவரியில் மாநில அரசு, கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி என்று புதிய ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். எந்தத் திட்டம் வந்தாலும் உங்கள் சி.பி.எஸ். கணக்கு அறிக்கையை வருடாவருடம் இறக்கி, பே ஸ்லிப்போடு ஒப்பிட்டு, அச்செடுத்து வையுங்கள். விடுபட்ட மாதங்களைப் பணியில் இருக்கும்போதே கருவூலத்தில் கேட்டுச் சரிசெய்வது எளிது.

பூக்கடை, ஆட்டோ, பட்டுத்தறி என்று பி.எஃப். பக்கமே வராதவர்களுக்கு, 40 வயதுக்குள் என்றால் அடல் பென்ஷன் யோஜனா உண்டு: மாதம் 1,000 முதல் 5,000 வரை பென்ஷன், வருமான வரி கட்டாதவராக இருக்க வேண்டும். அதை மட்டும் நம்பி வயோதிகத்தைக் கழிக்க முடியாது, ஆனால் வேண்டாமென்று விடவும் கூடாது.

பி.எஃப். அலுவலகம் 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். வேலூர் பி.எஃப். அலுவலகம் வரை அலைய வேண்டாம். நம் மாவட்டத்தில் அந்த மாதம் எந்த இடம் என்று முன்கூட்டியே விசாரித்து, ஆதார், பேங்க் பாஸ்புக், கடைசி மூன்று மாத ஸ்லிப், பழைய கம்பெனி பி.எஃப். எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.