தழும்புள்ள தோல்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கேட்டாய்: "தாத்தா, எமர்சன், தோரோன்னு ரெண்டு அமெரிக்க எழுத்தாளர்களைப் படிக்கச் சொல்லியிருக்காங்க. ஊரோடு ஒத்துப் போகாதே, உன் மனசு சொல்றபடி நடன்னு எழுதியிருக்காங்களாம். அப்படி இருந்தா நம்ம ஆம்பூர்ல பிழைக்க முடியுமா?"

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. டேனரியில் தோல் தரம் பிரித்தே வயதானவன் நான். ஒரு பள்ளி ஆசிரியர் கொடுத்த பழைய புத்தகத்தில், முப்பது வயதில்தான் அந்த இருவரும் எனக்கு அறிமுகமானார்கள். படித்ததில் பாதியைத்தான் வாழ்ந்தேன். வாழாமல் விட்ட பாதியைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

1. உன் தழும்புகளைத் தேய்க்க விடாதே. செலக்சன் மேசையில் ஒரு தோலை விரித்தால் அந்த மாட்டின் வாழ்க்கையே தெரியும். முள்வேலி கீறிய கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட வடு. தழும்பு மிகுந்த தோலை இயந்திரத்தில் கொடுத்து மேல்பரப்பைத் தேய்த்து எடுப்பார்கள். மேலே சாயம் பூசி, சூடான பிளேட்டை வைத்து அழுத்திப் பொய்யாக ஒரு மயிர்க்கண் அச்சு இறக்குவார்கள். நூறு தோலுக்கும் ஒரே முகம் வந்துவிடும். வியாபாரத்துக்கு அது தேவைதான். ஆனால் பூச்சு கனத்த தோலில் காற்று சரியாகப் புகாது. நாளானால் மடிப்பில் பூச்சு வெடிக்கும். உன்னையும் தேய்க்க வருவார்கள், கண்ணு. அன்போடுதான் வருவார்கள், நானும் ஒருவனாக வந்திருக்கிறேன். நீ பன்னிரண்டு வயதில் கூடத்தில் உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்டபோது, "பொம்பளப் புள்ளை இப்படிப் பேசலாமா" என்று அதட்டினேன். அதற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

2. 'நான்' என்பதைச் சின்னதாக எடுத்துக்கொள்ளாதே. எமர்சனை அரைகுறையாகப் படித்தவர்கள் அவர் திமிரைக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். அவரும் நண்பர்களும் 1836-இல் பாஸ்டன் பக்கம் கூடிப் பேசத் தொடங்கியபோது, ஊர் அவர்களுக்கு டிரான்சென்டென்டலிஸ்ட்டுகள் என்று பெயர் வைத்தது. கண்ணும் காதும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அப்பாலும் மனிதனுக்கு நேராகத் தெரியவரும் உண்மை உண்டு என்று நம்பியவர்கள் அவர்கள். எல்லா உயிருக்குள்ளும் ஒரே பேருயிர் ஓடுகிறது என்றார் எமர்சன். அதனால்தான் தனக்குள் ஆழமாக இறங்குகிறவன் மற்றவர்களிடமே போய்ச் சேர்கிறான். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்கு அடியில் ஊற்று ஒன்றாக இருப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். நம் உபநிடதங்களையும் கீதையையும் அவர்கள் தேடிப் படித்ததில் எனக்கு வியப்பே இல்லை.

3. எதற்காக மறுக்கிறாய் என்பது தெரிந்த பிறகு மறு. ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4-ஆம் தேதி வால்டன் குளக்கரையில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஒருநாள் ஊருக்குள் வந்தார். எதற்கு வந்தார் என்றால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருந்த ஷூவை வாங்கிப் போக. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஷூவுக்கான தோலைப் பதனிடுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள். உலகத்துக்கே பாடம் சொன்ன அந்தக் கதை ஒரு ஷூவில் தொடங்குகிறது!

வழியில் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். சில ஆண்டுகளாக அவர் தலைவரி கட்டவில்லை. மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதை அனுமதிக்கும் அரசுக்கு, மெக்சிகோ மீது படையெடுத்த அரசுக்கு, என் காசு போகாது என்பதுதான் காரணம். ஒரே ஒரு இரவு. யாரோ அவருக்காக வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். தைத்து வைத்திருந்த ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு, காட்டுப்பழம் பறிக்கக் கிளம்பிய ஒரு கூட்டத்தோடு மலைக்குப் போய்விட்டார். அந்த நிதானத்தைக் கவனி. கத்தவில்லை, ஊரைச் சபிக்கவில்லை. அந்த இரவிலிருந்து பிறந்த கட்டுரை 1849-இல் அச்சானது. தென்னாப்பிரிக்காவில் காந்தி அதைப் படித்தார். காந்தியின் வழியில் நடந்த ராஜாஜி, 1921 டிசம்பரில் நம் வேலூர் சிறைக்குள் போய் அங்கே நாட்குறிப்பு எழுதினார். ஒரு கிராமத்துக் கைதியின் ஓரிரவு எத்தனை தூரம் நடந்து நம் வாசலுக்கு வந்திருக்கிறது பார்.

4. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போடு. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. எங்கள் டேனரியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பாலாற்றங்கரைக் கிராமத்துக்காரர். என்னைவிட வயதில் பெரியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைப் பதனிடுதல் குறைந்து குரோம் பெருகியிருந்தது. கழிவுநீர் உப்பும் சாயமுமாக ஆற்றில் இறங்கியது. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் சோறு மஞ்சளடித்தது. தென்னை மட்டை கருகியது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காகிதத்தை மடித்துக் கொண்டுவந்து காட்டினார். கலெக்டருக்கு மனு. "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். உன் கையெழுத்து இருந்தா இன்னும் நாலு பேர் போடுவாங்க" என்றார்.

நான் போடவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்த மடிப்பின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிரவும் நான் எமர்சனைத்தான் படித்தேன், கண்ணு.

பிறகு டேனரிக் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பாழாக்கியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நெறி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டதாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்று உலகெங்கும் சட்டம் படிக்கிறவர்கள் வேலூரின் பெயரை அந்த வழக்கால்தான் அறிகிறார்கள். பேப்பரில் தீர்ப்பைப் படித்தபோது அந்த அண்ணன் உயிரோடு இல்லை. டேனரிகளால் எத்தனை குடும்பத்தில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். என் அடுப்பும் அதில் எரிந்ததுதான். அதனால்தான் உள்ளே இருந்தவனின் கையெழுத்துக்கு மதிப்பு இருந்திருக்கும்.

5. வித்தியாசமாகத் தெரிவதற்காக வித்தியாசமாக இருக்காதே. பிறர் பார்க்கவென்று மீறினால், அதுவும் பிறருக்குக் கீழ்ப்படிவதுதான்.

6. வேலூர்க் கோட்டைக்குப் போனால் மே மாதத்தை நினை. ஆங்கிலேயரை எதிர்த்து 1806 ஜூலை 10-இல் அங்கே நடந்த சிப்பாய்ப் புரட்சி எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் மே மாதத்திலேயே சில சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையைத் தொட மறுத்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்று உத்தரவு. தலைப்பாகையிலோ ஒரு தோல் சின்னம். அது எந்த விலங்கின் தோல் என்று இந்துவும் அஞ்சினான், முஸ்லிமும் அஞ்சினான். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை இரவில் கூட்டம் இருந்தது, ஆயுதம் இருந்தது, இரத்தமும் ஓடியது. மே மாதத்தில் அவர்களிடம் 'மாட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. என் மனம் அங்கேதான் நிற்கிறது.

7. பொறுமையாக இரு. நம் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகாவை நினைத்துக்கொள். அவருடைய பெற்றோர் பள்ளி விண்ணப்பத்தில் சாதி, மதம் என்ற இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டார்கள். வளர்ந்த பிறகு அந்த வெறுமையையே சான்றிதழாகத் தாருங்கள் என்று 2010-இல் கேட்கத் தொடங்கினார். திரும்பத் திரும்ப மறுத்தார்கள். 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி, சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் அவர் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டு! நடுவில் எத்தனை முறை "எதையாவது எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

8. உன் தனிமைக்குப் பின்னால் நிற்கிறவர்களை மறக்காதே. வால்டன் கரையில் தோரோ வீடு கட்டிய நிலம் எமர்சனுடையது. அம்மா வீடு நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. அடிக்கடி போய்ச் சாப்பிட்டு வந்தார். அதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. நீ தனியாக நிற்கும் நாளில் உன் அம்மா டிபன் டப்பாவில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள். உன்னோடு கருத்து ஒத்துப்போகாதவர்கள்தான் பல நேரம் உனக்குச் சோறு போடுவார்கள். பெண்ணாகிய நீ, எமர்சன் கூட்டத்தில் இருந்த மார்கரெட் ஃபுல்லரையும் படி. பெண்களின் நிலை பற்றி அவர் 1845-இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கூட்டத்து ஆண்களைப்போல அவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை.

9. நேற்றுச் சொன்னதை இன்று மாற்ற வெட்கப்படாதே. எமர்சன் பாதிரியாராக இருந்தவர். நற்கருணைச் சடங்கை மனமார நடத்த முடியவில்லை என்று தெரிந்ததும், 1832-இல் அந்தப் பதவியை விட்டார். 1838-இல் ஹார்வர்டில் மனதில் பட்டதைப் பேசினார்; ஏறக்குறைய முப்பது ஆண்டு அங்கே அவரைத் திரும்ப அழைக்கவில்லை.

10. அடுத்த ஞாயிறு வா. அந்த ஆசிரியர் கொடுத்த புத்தகத்தை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். பக்கங்கள் பழுப்பேறி முனை உதிர்கிறது, பத்திரமாகப் புரட்டு. நாற்பது ஆண்டாக நான் பென்சிலில் போட்ட அடிக்கோடுகளை மூன்று நாளாக உட்கார்ந்து ரப்பரால் அழித்துவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் அழுத்திப் போட்டிருந்ததால் தடம் போகவில்லை. அங்கே தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். நீ உன் பென்சிலைக் கொண்டு வா.