பருத்த பூனையும் பட்டினி வைத்தியமும்

பூனை கொழுத்திருந்தால் வீட்டில் வளம் மிகுந்திருப்பதாக எண்ணுவோர் பலர். விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் அதை ஏற்பதற்கில்லை. வளர்ந்த வீட்டுப் பூனையின் எடை பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். தனக்குரிய எடைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அது உடற்பருமன். நீரிழிவும் மூட்டு நோயும் அதனைத் தொடர்ந்து வரக்கூடும்.

தராசு இன்றியும் இதை அறியலாம். விலாப்புறத்தைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடை சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும்.

எங்கள் வீட்டுப் பூனை 6 கிலோவை எட்டியபோது, "நாலு நாள் பட்டினி போடு, தானாக இளைக்கும்" என்றார் பாட்டி. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தின் வழியே கல்லீரலில் குவியும். அச்சுமையைத் தாங்காது கல்லீரல் தளரும். மஞ்சள் காமாலை தோன்றும்; உயிரே போகவும் கூடும்.

ஆகவே கால்நடை மருத்துவர் கூறிய முறையைப் பின்பற்றினோம். கேட்டபோதெல்லாம் வைத்த பால்சோறு நின்றது. மீனும் கோழியிறைச்சியும் கலந்த உணவை அளந்து, நாளைக்கு மூன்று வேளை வைத்தோம். மாலையில் கயிற்றில் கட்டிய பந்தைத் துரத்தவிட்டோம். மாதம் கால் கிலோவுக்கு மிகாமல் குறைந்து, ஏழு மாதங்களில் எடை 4½ கிலோவுக்கு வந்தது.

பூனை வளர்க்கும் நண்பர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறேன். பருத்த பூனை ஒரு நாள் முழுதும் உணவைத் தொடாவிட்டால், இளைக்கிறது என்று மகிழாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.