முதல் படத்தைத் தொலைக்காதீர்கள்

செஞ்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் பிழைப்பு. வளத்தி, அவலூர்பேட்டை, அனந்தபுரம், வல்லம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் படம் எடுக்க வருவார்கள். எனக்கும் வலது இடுப்பில் சிமென்ட் இல்லாத செயற்கை மூட்டு இருக்கிறது. படம் எடுப்பவனாகவும் மூட்டு மாற்றிக்கொண்டவனாகவும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, அது டாக்டர் வேலை.

என் மூட்டைக் கெடுத்தது ஸ்டீராய்டு. வேறொரு நோய்க்காக நெடுநாள் மாத்திரை எடுத்ததில், தொடை எலும்பின் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பு செத்துப்போனது. டாக்டர்கள் சுருக்கமாக ஏவிஎன் என்பார்கள். மேலை நாடுகளில் பெரும்பாலும் வயதான பிறகு, தேய்மானத்துக்காக இடுப்பு மாற்றுகிறார்கள். நம் பக்கம் முப்பது, நாற்பது வயதிலேயே ஏவிஎன்னோடு வருகிறவர்கள் நிறைய. குடியும் ஒரு காரணம். இந்த வயதில் போடுகிற மூட்டு இன்னும் பல வருஷம் உழைத்தாக வேண்டும். அதனால் மூட்டு எப்படி இருக்கிறது என்பதோடு, அதைப் பிடித்திருக்கிற எலும்பு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962 வாக்கில் நிலைப்படுத்திய முறையில், உலோகத் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே அக்ரிலிக் சிமென்ட் நிரப்புவார்கள். இன்றும் அது நல்ல முறைதான். சிமென்ட் இல்லாத முறையில் தண்டின் மேற்பரப்பு சொரசொரப்பாக, நுண்துளைகளோடு இருக்கும். எலும்பில் உள்ள ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாதுவையே சிலவற்றில் பூசியிருப்பார்கள். எலும்பு வளர்ந்து அந்தத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிக்கும்வரை தண்டு அசையாமல் நிற்பது இறுக்கத்தால் மட்டுமே. மம்பட்டிக்குக் காம்பு போடுகிற கதைதான்: லூசாக இருந்தால் கழன்று வரும், அடித்து ஏற்றினால் பிளக்கும்.

எனக்கு முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மட்டும் நன்றாக வேலை செய்தது. ராவுகிற கருவியைச் சுத்தியலால் எலும்புக் குழாய்க்குள் இறக்கும் சத்தம் முதலில் மொத்தையாக, டொக் டொக்கென்று கேட்டது. அளவு ஏற ஏறக் குரல் மாறி, கடைசியில் கணீரென்று ஆனது. அதற்குமேல் டாக்டர் அடிக்கவில்லை. பிறகு அவரிடம் கேட்டபோது, கையில் தெரியும் இறுக்கத்தோடு அந்தச் சத்தத்தையும் கவனிப்போம் என்றார். அதையும் தாண்டி அடித்தால் தொடை எலும்பு விரிசல் விடலாம், அப்படி விட்டால் கம்பி சுற்றிக் கட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முன்பே எக்ஸ்ரேயின்மேல் தண்டின் படத்தை வைத்து அளவு பார்க்கிறார்கள். முன்பு கண்ணாடித்தாளை வைத்துப் பார்த்தார்கள், இப்போது கம்ப்யூட்டரில். தொடை எலும்பின் சுவர் கனமாகவும் உள்குழாய் மேலே அகன்று கீழே குறுகியும் இருந்தால் சிமென்ட் இல்லாத தண்டு நன்றாக உட்காரும். சுவர் மெலிந்து, குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகப் போய்விட்டவர்களுக்கு, அதிலும் எழுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு, சிமென்ட் வைப்பதே பத்திரம். எலும்பு முறிவு குறைவு என்று பல நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. “சிமென்ட் பழசு சார், புதுசு போடச் சொல்லுங்க” என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எலும்புக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள். எது புதுசு என்பது செல்போன் வாங்கும்போது கேட்கிற கேள்வி.

ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்கள்தான் கண்டம். தண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் உண்டாகிற அசைவு சுமார் 40 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளர்ந்து பிடிக்கிறது. 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளர்கிறது. அது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை நாள் வாக்கர், எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆபரேஷன் செய்தவர் சொன்னதைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளே பைக் ஓட்டினாராம் என்பதைக் கேட்காதீர்கள்.

இனி எலும்பு மெலிவதைப் பற்றி. வளத்தி பக்கத்திலிருந்து வந்த ஆயா ஒருவர் படம் எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, எலும்பு கரைஞ்சி போச்சின்னு சொல்றாங்களே, திரும்பியும் அறுக்கணுமா?” யாரோ படத்தைப் பார்த்துவிட்டு, தண்டின் கழுத்தருகே உள்பக்க எலும்பின் முனை மழுங்கியிருப்பதைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். நல்லவேளையாக அவருடைய மகன் ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த பழைய ஃபிலிமையும் மஞ்சப்பையில் வைத்திருந்தார். இரண்டையும் கொடுத்து சர்ஜனிடமே அனுப்பினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: முனை மழுங்கியிருக்கிறது, ஆனால் தண்டு துளியும் இறங்கவில்லை. பிடிமானம் கெட்டியாக இருக்கிறது.

எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்றபடி தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதை எழுதிவைத்தார். தண்டு செய்கிற டைட்டானியக் கலவை எலும்பைவிடச் சுமார் ஐந்தாறு மடங்கு விறைப்பானது, கோபால்ட் குரோமியம் பத்து மடங்குக்கும் மேல். விறைப்பான உலோகம் பாரத்தை வாங்கிக் கீழே கடத்திவிடுவதால், மேல்பகுதி எலும்புக்கு வேலை குறைந்து அது மெலிகிறது. மெலிவு பெரும்பாலும் முதல் ஓரிரு வருஷங்களில் நடந்து, பிறகு அடங்கும். தண்டு நன்றாகப் பிடித்திருக்கும் இடத்திலும் இது நடக்கும். சில சமயம் நன்றாகப் பிடித்திருப்பதனால்தான் நடக்கிறது!

எலும்பரிப்பு என்பது வேறு. செயற்கை மூட்டின் கிண்ணத்தில் உள்ள பாலிஎத்திலீன் தேய்ந்து உதிரும் நுண்துகள்களை உடம்பின் செல்கள் விழுங்கப்போய், அந்தக் கலவரத்தில் பக்கத்து எலும்பு குழிகுழியாக அரிக்கப்படுகிறது. குறுக்குப் பிணைப்பு அதிகமுள்ள பாலிஎத்திலீன் 1990களின் கடைசியில் வந்தபிறகு இது மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் பழைய மூட்டு வைத்திருப்பவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. இந்த அரிப்பு வெகுகாலம் வலியே காட்டாது. மூன்றாவது, தண்டே தளர்வது. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுமே “எலும்பு குறைஞ்சிருக்கு” என்றுதான் தெரியும்.

பிரித்துக் காட்டுவது பழைய படம்தான். தொடை எலும்பின் மேல்முனைக்கும் தண்டின் தோளுக்கும் உள்ள தூரத்தை இரண்டு படத்திலும் அளந்தால் தண்டு இறங்கியதா என்று தெரிந்துவிடும். முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கி நின்றுவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போனால் பிரச்சினை. ஆபரேஷன் நடந்தது சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கும், பிறகு பார்க்கிறவர் திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ இருப்பார். முதல் படம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் யாரிடமும் இருக்காது. ஃபிலிமைச் சுருட்டிப் பரண்மேல் போடாதீர்கள், நம் ஊர் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்த போட்டோவில் அளவு பார்க்கவே முடியாது. மூல ஃபைலை சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள்.

எடுக்கும் விதமும் முக்கியம். பாதம் உள்பக்கமாகப் பதினைந்து டிகிரி திரும்பியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் அதே எலும்பு வேறு வடிவத்தில் தெரியும், இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தோன்றும். தண்டின் நுனிவரை படத்தில் விழ வேண்டும். சாதாரண இடுப்புப் படத்தில் நுனி வெட்டுப்பட்டுப் போவது வழக்கம். “தண்டு முழுசும் வரணும், போன தடவை படம் இது” என்று எங்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். எக்ஸ்ரேயில் மெலிவு கண்ணுக்குப் படுவதற்குள் எலும்பில் சுமார் 30 சதவீதம் போயிருக்கும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க டெக்ஸா ஸ்கேன் உண்டு. ஆனால் வழக்கமான டெக்ஸாவில் உலோகம் உள்ள பக்கத்தை விட்டுவிட்டு மறு இடுப்பைத்தான் எடுப்பார்கள். தண்டைச் சுற்றி அளக்கத் தனி மென்பொருள் வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

இன்னொன்று, ஸ்டிக்கர். மூட்டின் ஒவ்வொரு பாகத்தின் டப்பாவிலும் நிறுவனம், அளவு, லாட் நம்பர் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். முதல்வர் காப்பீட்டில் செய்தாலும் காசு கட்டிச் செய்தாலும் அதன் ஒரு பிரதி உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோதுகூட அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சுவீடனில் 1979 முதலே இடுப்பு மாற்றுகளுக்குத் தேசியப் பதிவேடு இருக்கிறது. நமக்கு இப்போதைக்கு அந்தச் சீட்டுதான் பதிவேடு.

“திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா?” என்று கேட்காத ஆளே இல்லை. டாக்டர் அனுமதித்தபின் நடை நல்லது, பாரம் விழுந்தால்தான் எலும்புக்கு வேலை. பதினாலு கிலோமீட்டரையும் முதல் பௌர்ணமியிலேயே முடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நம் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு வெளியூர் நண்பர்கள் வந்தால் ராஜகிரி மலைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் அடிவாரத்தில் கல்யாண மஹால்வரை போய் நிழலில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பயம் விழுவதில்தான். தண்டு உள்ள எலும்பு விழுந்து உடைந்தால் அது சாதாரண முறிவு கிடையாது, புத்தூர் கட்டுக்குப் போகிற விஷயமும் கிடையாது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ராத்திரி தள்ளுமுள்ளில் மாட்டாதீர்கள். வைட்டமின் டி அளவு பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

உட்கார்ந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் தொடையில் குத்தி, பிறகு அடங்குகிற வலி புதிதாக வந்தால் தண்டு அசைகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ராத்திரி வலி, காய்ச்சல், தழும்பில் கசிவு இருந்தால் கிருமியாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். முதல் வருஷத்தில் நடுத்தொடையில் வரும் மந்தமான வலி பலருக்குத் தானே குறைகிறது, எனக்கும் குறைந்தது. வலியே இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன இடைவெளியில் படம் எடுங்கள்.

என் படத்தை நானே எடுத்துக்கொள்ள முடியாதே! சென்டரில் புதிதாகச் சேர்ந்த பையன்தான் எடுக்கிறான். போன முறை தண்டின் நுனியை வெட்டிவிட்டான். “அண்ணே, மூட்டு நல்லா விழுந்திருக்கே” என்று சமாளித்துப் பார்த்தான். மறுபடி எடுக்கவைத்தேன்.