விரல் பழகும் பாடம்

கற்றுக்கொள்ள வயது ஒரு தடையா? ஆசிரியர் கடல் கடந்து இருந்தால் அவரிடம் பாடம் கேட்க முடியாதா? வாருங்கள், பார்ப்போம்.

ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு தையல்காரர். வயது 42. சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு கிடார் தொங்குகிறது. அது அவருடைய அண்ணனின் கிடார். அண்ணன் வாசிப்பார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அண்ணன் இறந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு கிடாரை யாரும் தொடவில்லை.

ஒரு நாள் மகள் கேட்டாள்.

"அப்பா, பெரியப்பா கிடாரை நீங்க வாசிக்கக் கூடாதா?"

"வகுப்புக்குப் போக நேரம் ஏதும்மா? சாயங்காலம்தான் கடையில கூட்டம். பீஸும் கட்டணும்."

"செல்போன்லயே பாடம் இருக்குப்பா. வீட்டிலேயே கத்துக்கலாம்."

"இந்த வயசிலயா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"எழுத்து கத்துக்கப் போனப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

அப்பா பேசவில்லை. எழுந்து போய்க் கிடாரை எடுத்துத் தூசி துடைத்தார்.

தூரத்து ஆசிரியர்

இணையத்தில் கிடார் சொல்லித் தருபவர்கள் பலர். அவர்களில் ஒருவர் ஜஸ்டின் சாண்டர்கோ. இவர் ஆஸ்திரேலியாவில் உள்ள தாஸ்மேனியா தீவைச் சேர்ந்தவர். பிறகு லண்டன் நகரில் குடியேறினார். பல ஆண்டுகள் மாணவர்களை நேரில் வைத்துக் கற்பித்தார். கேட்டி மெலுவா என்ற பாடகியின் இசைக்குழுவிலும் கிடார் வாசித்தார்.

2003-ஆம் ஆண்டில் இவர் இணையத்தில் பாடங்களை வெளியிடத் தொடங்கினார். 2006-ஆம் ஆண்டு முதல் யூடியூபிலும் பாடங்களைப் போட்டார். தொடக்கப் பாடங்களைப் பார்க்கக் காசு கேட்கவில்லை. உலகின் பல நாடுகளில் உள்ளவர்கள் அவற்றைப் பார்த்து வாசிக்கக் கற்றார்கள்.

அவர் பேசுவது ஆங்கிலம். ஆனால் அவர் கை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் இன்னும் எளிது. தமிழில் கிடார் சொல்லித் தருபவர்களும் யூடியூபில் இருக்கிறார்கள்.

கிடாரை அறிவோம்

கிடாரில் 6 தந்திகள் உண்டு. மடியில் வைத்துப் பிடித்தால் மிகவும் மெல்லிய தந்தி கீழே இருக்கும். அதுதான் 1-ஆம் தந்தி. மிகவும் தடித்த தந்தி மேலே இருக்கும். அது 6-ஆம் தந்தி. எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும்.

தடித்த தந்தியிலிருந்து தொடங்கினால் அவற்றின் பெயர்கள் இ, ஏ, டி, ஜி, பி, இ. வாசிக்கும் முன் இந்தச் சுருதிக்குத் தந்திகளை முறுக்க வேண்டும். இதற்கு உதவ ட்யூனர் என்ற இலவசச் செயலி செல்போனில் கிடைக்கும்.

கிடாரின் நீண்ட கழுத்தில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். இவற்றுக்கு ஃபிரெட் என்று பெயர். வீணையில் உள்ள மெட்டுகள் போன்றவை இவை. இரண்டு பட்டைகளுக்கு நடுவில் உள்ள இடத்தைக் கட்டம் என்று சொல்வோம். இடது கை விரல் கட்டத்தில் அழுத்தும். வலது கை தந்தியை மீட்டும்.

முதல் கார்ட்

எழுத்துகள் சேர்ந்தால் சொல் ஆகும். சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் கார்ட் ஆகும். பல பாட்டுகளுக்கு மூன்று நான்கு கார்ட்கள் போதும்.

எளிய கார்ட் ஒன்று, இ மைனர். இரண்டு விரல்களே வேண்டும். நடுவிரலை 5-ஆம் தந்தியில் 2-ஆம் கட்டத்தில் வையுங்கள். மோதிர விரலை 4-ஆம் தந்தியில் அதே 2-ஆம் கட்டத்தில் வையுங்கள். ஆறு தந்திகளையும் மீட்டுங்கள்.

அடுத்தது ஏ மைனர். அந்த இரண்டு விரல்களையும் ஒரு தந்தி கீழே இறக்குங்கள். ஆள்காட்டி விரலை 2-ஆம் தந்தியில் முதல் கட்டத்தில் வையுங்கள். தடித்த 6-ஆம் தந்தியை விட்டுவிட்டு மற்றவற்றை மீட்டுங்கள்.

பத்தாம் நாள்

தையல்காரர் இரவு கடை மூடிய பின் 15 நிமிடம் பழகினார். பத்தாம் நாள் கிடாரை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டார்.

"என்னப்பா, மாட்டிட்டீங்க?"

"ஊசி பிடிச்சுப் பழகின விரலுக்கே வலிக்குதும்மா. சத்தமும் சரியா வரல. கொர்ருங்குது. அண்ணன் கையில அழகாப் பேசின கிடார் இது. என் கையில அழுவுது. எனக்கு வராது."

மகள் அவரை உட்கார வைத்தாள். அவர் வாசிப்பதைச் செல்போனில் படம் பிடித்தாள். பிறகு ஆசிரியரின் கையையும் அப்பாவின் கையையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். அப்போது தெரிந்தது. ஆசிரியரின் விரல் உலோகப் பட்டையை ஒட்டி அழுத்துகிறது. அப்பாவின் விரல் கட்டத்தில் பின்னால் தள்ளி அழுத்துகிறது.

விரலைப் பட்டைக்கு அருகில் நகர்த்தினார். ஒலி தெளிவாக வந்தது. அதிகமாக அழுத்தவும் தேவைப்படவில்லை. வலியும் குறைந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. படத்தில் இருக்கும் ஆசிரியரை நாம் பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. நம் தவறை அவரால் திருத்த முடியாது. ஆகவே நாமே நம்மைப் படம் பிடித்து ஒப்பிட வேண்டும். கிடார் தெரிந்தவர் ஊரில் இருந்தால் எப்போதாவது அவரிடம் காட்டுவதும் நல்லது.

எப்படிப் பழகுவது?

1. தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள். வாரம் ஒரு நாள் 2 மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் 15 நிமிடம் நல்லது.

2. பாடம் வேகமாகப் போனால் நிறுத்துங்கள். திரும்பப் பாருங்கள். யூடியூபில் படத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

3. ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறிப் பழகுங்கள். 1 நிமிடத்தில் எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். இது ஜஸ்டின் சொல்லித் தரும் பயிற்சி.

4. விரல் நுனி முதலில் வலிக்கும். சில வாரங்களில் தோல் தடித்துவிடும். தோல் கிழிந்தால் ஆறும் வரை ஓய்வு கொடுங்கள்.

5. ஒரு பாடம் கைக்கு வந்த பிறகே அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

ஏமாற வேண்டாம்

"ஏழே நாளில் கிடார் மேதை ஆகலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் கட்டும் முன் இலவசப் பாடங்களைப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு, மாதம் ஒரு முறையா, ஒரே முறையா என்று முழுவதும் படியுங்கள். உங்கள் செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். எழுத்து தெரிந்தவர் எழுத்தைப் பயன்படுத்த வேண்டும்.

கிடார் பேசியது

தையல்காரரின் நோட்டில் முதல் நாள் கணக்கு 6. ஒரு மாதம் கழித்து 22. எண்களை எழுதியது அவர் கைதான்.

அண்ணனின் நினைவு நாள் வந்தது. உறவினர்கள் கூடினார்கள். தையல்காரர் கிடாரை எடுத்தார். இரண்டே கார்ட்களை மெதுவாக மாற்றி மாற்றி வாசித்தார். நடுவில் ஓரிடத்தில் தவறினார். நிறுத்தித் திரும்ப வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை வாசிங்க தம்பி" என்றார்.

பதில் சொல்லுங்கள்

1. கிடாரில் எத்தனை தந்திகள்? 1-ஆம் தந்தி எது?
2. தையல்காரர் வாசித்தபோது ஒலி ஏன் தெளிவாக வரவில்லை?
3. ஓடிபி எண்ணை ஏன் பிறரிடம் சொல்லக் கூடாது?

செய்து பாருங்கள்

நீங்கள் கற்க விரும்பிக் கைவிட்ட ஒன்று எது? அதன் பெயரை நோட்டில் எழுதுங்கள். அதற்கு ஒரு நாளில் எந்த 15 நிமிடத்தை ஒதுக்க முடியும்? அந்த நேரத்தையும் எழுதுங்கள்.