தறியிலிருக்கும்போதே துணியின் முனையைத் தைத்தல்

நெய்த துணி பிரியாமல் நிற்பது நூலின் வலிமையால் மட்டுமன்று. பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று அழுத்துவதால் எழும் உராய்வினாலும் ஆகும். இரு பக்கக் கரைகளிலும் ஊடை மடங்கித் திரும்புவதால் அங்கே துணிக்கு ஆபத்தில்லை. ஆனால் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள கடைசி ஊடை இழைகளுக்கு அப்பால் அவற்றைத் தடுத்து நிறுத்த யாதொன்றுமில்லை. துணி தறியில் இருக்கும்வரை பாவின் இழுவிசை அவற்றைக் காக்கிறது. கத்தரிக்கோல் பட்டதும் அக்காவல் நீங்கிவிடும். பல நாள் உழைப்பால் உருவான சால்வையொன்று, முனையில் நான்கு இழை நழுவிய காரணத்தால் கடையிலிருந்து திரும்பி வருவதுண்டு.

பெங்களூர் நெசவாளர்க்கு இது சிறிய விஷயமன்று. கப்பன்பேட்டை முதலிய பழைய பேட்டைகள் பட்டு நெசவினால் பெயர் பெற்றவை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய பட்டு வாரியத்தின் தலைமையகமும் இந்நகரிலேயே இருக்கிறது. பட்டோ பருத்தியைக் காட்டிலும் எளிதில் நழுவும். பருத்தி இழை இயற்கையிலேயே முறுக்குண்ட தட்டை நாடா போன்றது. அதன் நெளிவுகள் பக்கத்து இழையைப் பற்றிக்கொள்ளும். பசை நீக்கப்பட்ட பட்டிழையோ வழவழப்பானது.

சேலையில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. இரண்டு சேலைகளுக்கிடையே நெய்யாத பாவை விட்டு அறுத்து, முந்தானை நுனியைக் குஞ்சமாக முடிந்துவிடலாம். சால்வை, கழுத்துத்துண்டு, மேசைவிரிப்பு ஆகியவற்றில்தான் முனை கண்ணுக்கு முன்னே நிற்கிறது. அதனை மடித்து இயந்திரத்தில் தைப்பது எளிதெனினும், மடிப்பு தடித்து விறைத்துத் துணியின் தொங்கலைக் கெடுத்துவிடும். கைத்தறியின் அழகை இயந்திரத் தையலால் முடிப்பது அவ்வளவு பொருத்தமாகவும் இல்லை. இதற்கு மாற்றாக, ஊடை நூலைக் கொண்டே தறியில் இடும் தையல் ஒன்றுண்டு. இக்கட்டுரையில் அதனை முனைத்தையல் என்று வழங்குவோம்.

முதலில், குஞ்சத்துக்கு வேண்டிய அளவு பாவை நெய்யாமல் விட்டு நெசவைத் தொடங்க வேண்டும். வலக்கையால் தைப்பவர் முதல் ஊடையை வலப்புறத்திலிருந்து செலுத்தி, அதன் நுனியைத் துணியின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நீளத்துக்குத் தொங்கவிடுதல் நன்று. நெருக்கமான தையலாயின் ஐந்து மடங்கு வேண்டும். நடுவழியில் நூல் தீர்ந்தால் ஒட்டுப்போடுவது தொல்லையும் அவலட்சணமும் ஆகும். ஐந்தாறு ஊடைகள் நெய்தபின், விழுதுகளைச் சமநிலையில் நிறுத்திப் பாவைத் தளர்த்தாமல் வைத்துக்கொண்டு, நூலை மொண்ணை ஊசியில் கோக்க வேண்டும். கூரிய ஊசி பாவிழையைப் பிளந்துவிடும்.

வலக்கரையிலிருந்து நான்கு அல்லது ஐந்து பாவிழைகளை ஒரு கற்றையாகக் கொள்க. நெய்யாத பகுதியில் ஊசியைக் கற்றையின் கீழே வலமிருந்து இடமாகச் செலுத்தி வெளியே இழுத்து, நூலைக் கற்றையின் மேலாக வலப்புறம் கொணர்க. இப்போது நூல் கற்றையைச் சுற்றிக்கொண்டுள்ளது. மீண்டும் அதே கற்றையின் கீழே ஊசியை நுழைத்து, இம்முறை துணிக்குள் இரண்டு அல்லது மூன்று ஊடை ஆழத்தில், கற்றையின் இடப்புறத்தில் மேலே எடுத்து இறுக்குக. இதுவே ஒரு தையல். சென்டிமீட்டருக்கு 20 பாவிழை கொண்ட 50 சென்டிமீட்டர் அகலத் துணியில் 1,000 இழைகள் உள்ளன. ஐந்தைந்தாகப் பிரித்தால் ஒரு முனைக்கு 200 தையல்கள் ஆகும். கணக்கில் மிஞ்சும் இழைகளைக் கடைசிக் கற்றைகளில் பகிர்ந்துவிடலாம். முடிவு முனையில் கடைசி ஊடையும் வலப்புறமே வந்து நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே தையல் அச்சை நோக்கி அமையும், முறையில் வேறுபாடில்லை.

பழகாதவர் தவறுவது இறுக்கத்திலேதான். தறியில் துணி இயல்பான நிலையில் இல்லை. நீளத்தில் இழுபட்டும் அகலத்தில் விரிந்தும் நிற்கிறது. இறக்கியதும் இரு திசையிலும் சிறிது சுருங்கும். ஆகவே தறியில் தளர்வாக இட்ட தையல் பின்னர் மேலும் தளர்ந்து வளையமாய்த் தொங்கும். அதற்கு அஞ்சிப் பக்கவாட்டில் இறுக்கினாலோ, கற்றைகள் ஒன்றையொன்று நெருக்கி முனை குறுகிவிடும். நூலைப் பாவின் திசையிலேயே இழுத்து, கடைசி ஊடையை ஒட்டி அமரச் செய்வதே சரியான வழி.

பசை நீக்காத பட்டில் நெய்து பின்னர்ச் சோப்பு நீரில் வேகவைக்கும் துணிக்கு இன்னும் கவனம் தேவை. பசை கரைவதால் பட்டு தன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழக்கிறது. நூல் மெலியும்போது தையலும் நெகிழும். இத்தகைய துணியில் கற்றைக்கு மூன்று இழைக்கு மேல் எடுக்காமலும், ஆழத்தில் ஓர் ஊடை கூட்டியும் தைப்பது பாதுகாப்பாகும். மிஞ்சிய நூல் நுனியைக் கரையோரம் சில ஊடைகளுக்குள் செலுத்தி மறைத்த பின்னரே துணியை அறுக்க வேண்டும்.